இது யார், அது என்ன கதை? – தெருவில் இருக்கும் கலை பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், "தெருவில் பார்க்கும் ஓவியம், சிலை பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று அறிவித்திருந்தார்கள். நாற்பதுக்கு மேல் கடிதங்கள் வந்தன. எல்லாவற்றையும் படித்தேன். சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இந்தப் பகுதியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வார்த்தை: பதினைந்து வயதில் மதுரையில் சினிமா பேனர் வரையும் பட்டறையில் பிரஷ் கழுவச் சேர்ந்தேன். பன்னிரண்டு வருடம் பேனர் வேலை. அப்புறம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். இப்போது ஓய்வில் இருக்கிறேன்.

ஐயா, எங்கள் பக்கம் பாலத்துக்குக் கீழே தூண்களில் படம் வரைந்தார்கள். ஆறே மாதத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், வெற்றிலை எச்சில், மூத்திர நாற்றம். மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. அந்தப் பணத்தில் சாக்கடையைச் சரி செய்திருக்கலாமே? படம் எதற்கு?
– வில்லாபுரம் வாசகி

அம்மா, சாக்கடைதான் முதலில். வீட்டுக்குள் கழிவுநீர் வரும்போது தூணில் மயில் வரைவதை என்னாலும் ஏற்க முடியாது. உங்கள் வார்டில் அந்தக் கேள்வியை விடாமல் கேளுங்கள்.

படம் எதற்கு என்று கேட்டீர்களே, அதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பதினைந்து வருடம் இருக்கும். கீரைத்துறைப் பக்கம் ஒரு சந்து. அதன் ஒரு பக்கம் முழுக்கப் பழைய குடோன் சுவர், அறுபது அடி நீளம். போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டி ஒட்டி விரல் தடிமனுக்கு இருந்தது. அந்தத் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் என்னிடம் படித்தார்கள். "சார், இதில் ஏதாவது வரைவோமா?" என்றார்கள். நான் உடனே சரி சொல்லவில்லை. "வீடு வீடாகப் போய், இந்தச் சுவரில் என்ன பார்க்க ஆசை என்று கேட்டுவிட்டு வாருங்கள்" என்று அனுப்பினேன்.

ஒரு வாரம் அலைந்தார்கள். அருவி, தாஜ்மகால், சாமி படம் என்று பலர் சொன்னார்கள். ஆனால் ஒரு பாட்டி, "சந்து முனையில் ஒரு வேப்பமரம் நின்றது. ரோட்டுக்காக வெட்டிவிட்டார்கள். அதை வரையுங்கள்" என்றார். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் அம்மா ஒருவர், "இந்த வேலையை யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை" என்றார். இஸ்திரி வண்டிக்காரர் கூச்சத்தோடு தன் வண்டியைக் காட்டினார்.

அந்த வேப்பமரம் சுவரின் நடுவில் வந்தது. மரத்தடியில் பாட்டி, இஸ்திரி வண்டி, முடிச்சுப் போடும் கைகள். பின்னணி முழுக்கச் சுங்குடிப் புள்ளி. புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அந்த அம்மாவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொன்னார். பிள்ளைகள் இரண்டு தடவை தப்பாகப் போட்டு, வெள்ளை அடித்துத் திரும்பப் போட்டார்கள். ஒரு மாதம் ஆனது.

ஏழு வருடம் அந்தச் சுவரில் ஒரு போஸ்டர் ஏறவில்லை. காவல் யாரும் போடவில்லை. போஸ்டர் ஒட்டும் பையன்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். அவர்களில் ஒருவனுடைய அப்பத்தாதான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர். அவர் மேல் எப்படிப் பசை தடவுவான்?

பிறகு ஒரு பெரிய மனிதர் அந்த வழியாகப் போகிறார் என்று, ஓர் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து ராத்திரியோடு ராத்திரியாகச் சுவர் முழுக்க வெள்ளை அடித்துவிட்டார்கள். காலையில் பால் வாங்க வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பத்தே நாளில் முதல் போஸ்டர் வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. ஆனால் அன்று வரைந்த பிள்ளைகளில் இருவர் கல்லூரி முடித்துவிட்டு வந்து, மரத்தை மட்டும் திரும்ப வரைந்தார்கள். அது இன்னும் இருக்கிறது.

அம்மா, உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். போஸ்டர், எச்சில், நாற்றம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். தூணில் என்ன படம் இருந்தது என்று எழுதவில்லை. மனதில் நிற்கவில்லை போலிருக்கிறது. அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. வரைய வந்தவர்கள் உங்கள் தெருவில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால், உங்களுக்கு மட்டுமல்ல, எச்சில் துப்புகிறவருக்கும் அது என்ன படம் என்று தெரிந்திருக்கும்.

இன்னொன்று. சிறுநீர் கழிப்பதைத் தடுக்கச் சாமி படம் போட்ட டைல்ஸ் பதிக்கலாமா என்று வேறு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். பாலத்தடியில் ஒரு கழிப்பறை கட்டி, தினமும் கழுவ ஆள் போடச் சொல்லுங்கள். சாமியைக் காவலுக்கு நிறுத்துவது சாமிக்கும் மரியாதை இல்லை, ஓவியத்துக்கும் மரியாதை இல்லை.

சென்னை கண்ணகி நகரில் அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்ட ஓவியங்கள் பார்த்தேன். பிரமிப்பாக இருந்தது. ஆனால் இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்தானே சார்? நம்மிடம் ஓவியம் என்றால் கோயிலுக்குள்ளும் அரண்மனைக்குள்ளும் இருந்ததுதானே?
– கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்

தம்பி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். பரிபாடலில் பத்தொன்பதாவது பாட்டு, நப்பண்ணனார் பாடியது, உங்கள் பரங்குன்றத்தைப் பற்றியது. மதுரையிலிருந்து சனங்கள் கூட்டம் கூட்டமாகக் குன்றத்துக்கு வருகிறார்கள். அங்கே ஓவியம் எழுதிய மண்டபம் ஒன்று இருக்கிறது. பார்க்கிறவர்கள், இவள் யார், இவன் யார் என்று கேட்கிறார்கள். தெரிந்தவர்கள், இவள் ரதி, இவன் காமன் என்று சொல்கிறார்கள். இன்னொரு படத்தைக் காட்டி, பூனையாக வந்த இந்திரன் இது, இவள் அகலிகை, கோபத்தோடு நிற்பவன் கௌதமன், இவள் கல்லாகிப்போனது இப்படித்தான் என்று ஒருவர் கதை சொல்கிறார்.

வகுப்பில் இதைப் படித்துக் காட்டும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். அந்த வரிகளில் புலவர் என்ன நிறம், என்ன கோடு என்று எழுதவில்லை. படத்துக்கு முன்னால் நின்று சனங்கள் பேசிக்கொண்ட பேச்சை எழுதி வைத்திருக்கிறார். ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் சொல்கிறார். சுவரில் ஓவியம் எதற்கு என்று என்னை யார் கேட்டாலும் இந்த வரிகளைத்தான் சொல்வேன்.

கோயிலுக்குள் என்றீர்கள். சரி, மீனாட்சியம்மன் கோயில் கம்பத்தடி மண்டபத்துக்குப் போயிருப்பீர்கள். அங்கே காளி சிலை மேல் சனங்கள் வெண்ணெய் உருண்டை எறிந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆடிக் களைத்த காளியின் சூடு தணிய என்று என் அம்மா சொல்லித்தான் நானும் எறிந்தேன். கல்லுக்கு அது நல்லதில்லை என்பது வேறு விஷயம். புது மண்டபத்தில் திருமலை நாயக்கர் காலத்துத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் ஓடின. பள்ளிச் சீருடை தைக்கக் கொடுத்துவிட்டு, யாளியின் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டு காத்திருந்த பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனையோ பேர். கடைகளை வெளியே மாற்றியது சிற்பங்களுக்கு நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் சிற்பத்தோடு ஒட்டி வளர்ந்த அந்தப் பழக்கமும் வளர வேறு இடம் வேண்டும் அல்லவா?

கண்ணகி நகரில் நீங்கள் பிரமித்த முகங்களில் சில அங்கேயே வளரும் பிள்ளைகளுடையவை. நகரத்தின் நடுவிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட மக்கள் வாழும் இடம் அது. அவர்கள் முகம் நாலு மாடி உயரத்தில் இருப்பது எனக்கும் பிடித்தது. நேரம் கிடைக்கும்போது அழகர்கோவில் வசந்த மண்டபத்தில் விதான ஓவியங்களைப் பாருங்கள். ராமாயணம். கழுத்து வலிக்கும், பரவாயில்லை.

ரயில் நிலையத்தின் முன்னால் இருந்த மீன் சிலையை எடுத்ததற்கு இவ்வளவு வருத்தம் தேவையா?
– பழங்காநத்தம் வாசகர்

தேவைதான் ஐயா. வெளியூரிலிருந்து இறங்கி வருகிறவருக்குப் பாண்டியரின் மீனைக் காட்டிய சிலை அது. நீரூற்று ஓடாத நாட்களிலும், "மீன்கிட்ட நில்லு, வந்துடறேன்" என்றால் போதும், ஆள் கிடைத்துவிடும். ரயில் நிலைய வேலைக்காக எடுத்தார்கள். திரும்ப வைக்கச் சொல்லி நீதிமன்றம் வரை போனார்கள். வெண்கல மீனுக்காக ஓர் ஊர் வழக்காடுகிறது என்றால், அந்தச் சிலை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் அய்யனாருக்குப் புரவி எடுப்புத் திருவிழாவில் மண் குதிரை செய்து வைப்போம். இப்போது இளைஞர்கள், சிமெண்டில் ஒரே ஒரு பெரிய குதிரை கட்டி பெயிண்ட் அடித்துவிடலாம், உடையாது, செலவும் மிச்சம் என்கிறார்கள். பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் மனக்கசப்பாக இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
– உசிலம்பட்டி அருகே ஒரு கிராமத்திலிருந்து

ஐயா, நான் பெரியவர்கள் பக்கம். ஏன் என்று சொல்கிறேன், அதை இளைஞர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் ஊரில் பிடிமண் கொடுப்பீர்கள் அல்லவா? ஊர் கூடி, ஒரு பிடி மண்ணை எடுத்து, குதிரை செய்யும் குயவரான வேளாரிடம் கொடுத்த பிறகுதான் குதிரை வேலை தொடங்குகிறது. அந்த ஒரு பிடியில் ஊர்ச் சம்மதம் இருக்கிறது. நான் மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் பல நாள் உட்கார்ந்து மண் வேலை பார்த்திருக்கிறேன். கண்மாய் மண்ணில் மணலும் உமியும் சேர்த்து மிதிப்பார்கள். நாலு காலையும் உள்ளே கூடாக முதலில் செய்து நிறுத்தி, அது இறுகிய பிறகு வயிறு, அப்புறம் கழுத்து, கடைசியில் தலை. அவசரப்பட்டால் கால் தாங்காது. உள்ளே ஈரமோ காற்றோ தங்கினால் சூளையில் வெடித்துவிடும். ஆள் உயரக் குதிரையை இப்படிக் கையால் எழுப்புகிறவர் எந்தக் கல்லூரியிலும் இதைப் படித்ததில்லை. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றது.

மண் குதிரை உடையும், உண்மைதான். உடைவதால்தான் அடுத்த எடுப்புக்குப் புதிய குதிரை வேண்டியிருக்கிறது. வேளார் வீட்டுப் பையனுக்கு அதனால்தான் கை பழகுகிறது. தோளில் தூக்கி வரும்போது உங்கள் இளைஞர்களுக்கு அதன் கனம் தெரிகிறது. சிமெண்ட் குதிரை கட்டினால் இருபது வருடத்துக்கு யாருக்கும் வேலை இல்லை. இருபது வருடம் கழித்து, உள்ளே கம்பி துருப்பிடித்து வெடிக்கும்போது, மண்ணில் குதிரை செய்யத் தெரிந்த ஆளைத் தேட வேண்டியிருக்கும்.

மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் 1559-ல் எழுந்தது. அதில் ஆயிரத்துக்கும் மேல் சுதை உருவங்கள், அதாவது சுண்ணாம்புச் சாந்தில் செய்தவை. நானூறு வருடம் வெயிலும் மழையும் பட்ட சுதை இன்றும் நிற்பது எப்படி? குடமுழுக்குக்குக் குடமுழுக்கு சாரம் கட்டி ஏறி, உடைந்த விரலை ஒட்டி, போன மூக்கைத் திரும்ப வைத்து, வண்ணம் பூசுகிறார்கள். 2009 குடமுழுக்குக்கு முன்னாலும் அப்படித்தான் சாரம் ஏறினார்கள். உங்கள் அய்யனார் குதிரையும் அதே வழிதான்.

செலவு கூடுகிறது என்ற இளைஞர்களின் கவலை நியாயமானது. எண்ணிக்கையைக் குறையுங்கள். வேளாருக்குக் கண்மாயில் மண் எடுக்க அனுமதி வாங்கிக் கொடுக்க அவர்களையே அலையச் சொல்லுங்கள். பாதிச் சிரமம் அங்கேதான் இருக்கிறது.

என் அப்பா போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட். ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை போய்விட்டது. இப்போது ஓர் அப்பார்ட்மென்டில் வாட்ச்மேனாக இருக்கிறார். அவர் செய்ததைக் கலை என்று யாரும் சொன்னதில்லை. நீங்கள் சொல்வீர்களா?
– ஜெய்ஹிந்துபுரம் வாசகி

சொல்வேன் அம்மா. நூறு தடவை சொல்வேன்.

சுண்ணாம்பு தடவிய நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார் உங்கள் அப்பா. ஒரே சுண்டில் பதினைந்து அடி நேர்கோடு. குச்சியில் மணிக்கட்டை ஊன்றி, மூச்சை அடக்கி, 'ழ'கரத்தின் வாலை ஒரே இழுப்பில் இறக்குவார். முதல் எழுத்தைத் தொடங்கும்போதே கடைசி எழுத்து எங்கே முடியும் என்று அவருக்குக் கணக்குத் தெரியும். மளிகைக்கடைக்கு ஓர் எழுத்து, சலூனுக்கு ஓர் எழுத்து, வக்கீல் வீட்டுக்கு ஓர் எழுத்து. தூரத்திலிருந்து பார்த்தே, இது இன்ன ஆர்ட்டிஸ்ட் கை என்று நாங்கள் சொல்வோம்.

எங்கள் பேனர் வேலையும் அப்படித்தான். காடாத் துணியை ரீப்பர் சட்டத்தில் இழுத்து அடித்து, வஜ்ரப் பசை காய்ச்சிப் பூசி, சின்ன போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு முகத்தை ஏற்றுவோம். மூக்கு மட்டும் ஓர் ஆள் உயரம் இருக்கும். பக்கத்தில் நின்றால் வெறும் சிவப்பும் நீலமும்தான் தெரியும். தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப ஓடி வருவோம். மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்கம் தியேட்டர் வாசலில் பேனர் ஏறும்போது, படம் பார்க்க வராதவர்களும் நின்று பார்ப்பார்கள். "கண்ணு சரியில்லப்பா" என்று ரிக்‌ஷாக்காரர் ஒருவர் சொல்லி, எங்கள் வாத்தியார் ஏணி போட்டு ஏறித் திருத்தியதை நான் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னதுதான் சரி. இன்று அந்தத் தியேட்டரே இல்லை.

ஃபிளெக்ஸைச் சுருட்டிப் போட்டால் அடுத்த நாள் குப்பை. அதன் முன்னால் நின்று கண் சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் திருத்த ஆள் இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் பெயர்ப் பலகையை அப்பாவைக் கொண்டு எழுத வைக்க முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். கூலி பேசிக் கேளுங்கள், சும்மா வேண்டாம். அவர் எழுதும் அன்று பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கட்டும். பத்திரிகை அலுவலகத்தில் சொல்லி வையுங்கள், நானும் வந்து பார்க்க விரும்புகிறேன்.

2010-ல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கத் திட்டம் வந்தபோது எங்கள் ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. என் மகன் இப்போது, "வந்திருந்தால் எத்தனை பேருக்கு வேலை கிடைத்திருக்கும், நீங்கள் கலைக்கு எதிரிகளா?" என்கிறான். என்ன சொல்வது?
– ஒத்தக்கடை வாசகர்

உங்கள் மகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மலைக்குக் கூட்டிப் போங்கள். நரசிங்கத்தில் பாறையைக் குடைந்த பெருமாள் கோயிலில் கி.பி. 770-ஆம் ஆண்டுக் கல்வெட்டைக் காட்டுங்கள். பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி தொடங்கிய வேலை. அவர் இறந்த பிறகு அவருடைய தம்பி முடித்தது. அப்புறம் மேலே ஏறி, பாறை முகத்தில் வரிசையாக இருக்கும் சமணத் தீர்த்தங்கரர்களைக் காட்டுங்கள். கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். சுதை பூசி வண்ணம் தீட்டிய தடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆயிரம் வருட மழை அதை அழிக்கவில்லை.

இறங்கி வந்து மேலூர் ரோட்டிலிருந்து மலையைத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். படுத்திருக்கும் யானை. சமணர்கள் ஏவிய யானையைச் சொக்கர் அம்பெய்து கல்லாக்கினார் என்று திருவிளையாடல் கதை ஒன்று இருக்கிறது. நரசிங்கப் பெருமாளும் தீர்த்தங்கரர்களும் ஒரே பாறையில் இருக்கிறார்கள். கதையில் இருந்த சண்டை பாறையில் இல்லை.

உளிபட்டவுடன் எல்லாம் கலையாகிவிடாது. முன்னோர்கள் அந்த மலையில் தொட்டது உள்ளங்கை அளவு. மிச்சத்தை மலையாகவே விட்டார்கள். எங்கே கை வைக்கக் கூடாது என்பதும் சிற்பிக்குத் தெரிய வேண்டும். உங்கள் ஊர்க்காரர்களுக்கு அது தெரிந்திருந்தது. வேலை வேண்டும் என்று மகன் கேட்பது தப்பில்லை. மலைக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டிக் கதை சொல்லும் வேலையை அவனே தொடங்கலாம்.

தலைவர்களின் சிலையும் கலைதானா?
– கே. புதூர் வாசகர்

வடித்தவருக்கு அது கலைதான். கண்ணிமையும் துண்டின் மடிப்பும் சரியாக வர எத்தனை நாள் பாடுபட்டிருப்பார். ஆனால் நம் தென் மாவட்டங்களில் பல சிலைகள் கம்பிக் கூண்டுக்குள் இருக்கின்றன. சாதிச் சண்டையில் யாராவது உடைத்துவிடுவார்கள் என்ற பயம். விடுதலைக்குப் பாடுபட்டவர்களைச் சிறைக்குள் வைத்து மாலை போடுகிறோம். பஸ்ஸில் போகும்போது அந்தக் கூண்டைக் கடந்தால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன். பார்க்கத் தாங்கவில்லை.

சார், நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறேன். எங்கள் பள்ளியின் வெளிச்சுவரில் வரைய ஹெச்.எம். அனுமதி கொடுத்துவிட்டார். எப்படித் தொடங்குவது?
– மாணவி, மேலூர்

கண்ணு, உன் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், கடைசியில் பதில் எழுதுகிறேன்.

முதல் நாள் பெயிண்ட் வேண்டாம். காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் சுவருக்கு முன்னால் நின்று பார். வெயில் எங்கே அதிகம் அடிக்கிறது, தண்ணீர் எங்கே வழிகிறது, யார் அந்த வழியாகப் போகிறார்கள் என்று நோட்டில் எழுது. அப்புறம் அவர்களிடம் கேள். கீரைக்காரம்மா, ஆட்டோக்காரர், எதிர்வீட்டுத் தாத்தா எல்லோரையும்.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. அதன் மேல் எதை அடித்தாலும் செதில் செதிலாக உதிரும். தேய்த்து எடுத்துவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கொத்தனாரிடம் காட்டு. புதிதாகப் பூசிய சுவர் என்றால் ஒரு மாதம் காய விடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடாதே. தையில் தொடங்கு. வெளிச்சுவருக்கு என்று விற்கும் எமல்ஷன் வாங்கு, அதற்கு முன் பிரைமர். பளிச்சென்ற ரோஸும் சில மஞ்சளும் மேற்கு வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். காவி நிறம் நிற்கும். கோயில் மதிலில் காவியும் சுண்ணாம்பும் அடிப்பது அழகுக்கு மட்டும் என்று நினைக்காதே.

கட்டம் போடக் கற்றுக்கொள். சின்னத் தாளில் ஓர் அங்குலக் கட்டம், சுவரில் ஓர் அடிக் கட்டம். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஒரே நிறமாக விட்டுவிடு. அங்கேதான் சேறு தெறிக்கும், அதை மட்டும் வருடா வருடம் அடித்துக்கொள்ளலாம்.

முடித்ததும் மிச்சப் பெயிண்டைக் கொட்டிவிடாதே. மூடியை இறுக்கி, எந்த நிறம், என்ன எண் என்று டப்பா மேல் எழுதி, வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்து வை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு அது எங்கே இருக்கிறது என்று காட்டிவிடு.